அண்டாவிலிருந்து பேசுகிறவன்

டாக்டர் லாந்த்ரோன் கடலுக்கடியில் குடிபோன அன்று அவரோடு இரண்டு பெட்டிகளும் இறங்கின. ஒன்றில் சட்டைகள். இன்னொன்றில், தண்ணீர் புகாமல் மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் சுருட்டிய வெள்ளைக் கோட்டு. பத்து நாள் தங்கி, சாதனை படைத்து, மேலே போய்ப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிற்கும்போது போட்டுக்கொள்வதற்காம். அறுபது மீட்டர் ஆழத்துக்கு எந்த மனுஷனாவது கோட்டு கொண்டுவருவானா என்று நெரெய்டா கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வரும்.

நெரெய்டா மீன்வளத் துறையில் சிங்கி இறால் கணக்கெடுக்கிறவள். கபோ ரோஹோ என்ற கடற்கரை ஊரில் பிறந்து, நடக்கப் பழகுவதற்கு முன்பே முக்குளிக்கப் பழகியவள். கூட இறங்க ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று முதுகுவலி வந்துவிட்டது. இவள் ஒருத்திதான் சரி என்றாள். கடலுக்கடியில் பத்து நாள் இருந்து இறால்களை அவற்றின் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம் என்ற ஆசை. டாக்டர் என்ற இலவச இணைப்பை அவள் அவ்வளவாக யோசிக்கவில்லை.

வீடு என்றால், பெட்ரோல் லாரியின் தொட்டி போன்ற இரண்டு இரும்பு உருளைகளை ஒட்டி, நான்கு கால்களில் நிறுத்திவைத்தது. தரையில் ஒரு வட்ட ஓட்டை. அதுதான் வாசல். கதவு கிடையாது. உள்ளே அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே ஏறவிடாது. கட்டிலில் உட்கார்ந்து குனிந்தால், கிணற்றைப் பார்க்கிற மாதிரி கடலைப் பார்க்கலாம். மூன்று மாதமாக ஆள் இல்லாமல் கிடந்த வீடு. துரு வாடை, பாசி வாடை, ஈர மெத்தை வாடை. இவற்றுக்கெல்லாம் அடியில், மென்று துப்பிய சுருட்டு வாடை ஒன்று லேசாக இருந்தது.

"இங்க யாரு சுருட்டு புடிச்சது? நெருப்பே பத்தாதே இந்தக் காத்துல," என்றார் டாக்டர்.

"புடிக்கல. மெல்லுவான்," என்றாள் நெரெய்டா. "அன்செல்மோ."

டாக்டர் அந்தப் பெயரைக் கேட்காத மாதிரி பெட்டியைத் திறந்தார்.

இரண்டு பேரின் குரலும் வாத்தின் குரலாக இருந்தது. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் புத்தி கலங்கும் என்று ஹீலியம் கலந்திருந்தார்கள். ஹீலியம் உள்ளே போனால் பேரறிஞர் பேசினாலும் சமையல்காரி பேசினாலும் வாத்துதான். மேலே மிதவைக் கப்பலில் தொலைபேசியைக் கவனிக்கும் செஃபெரினோவுக்கு இதில் பெரிய தலைவலி. பேசுவது யார் என்று குரலை வைத்துச் சொல்லவே முடியாது. எல்லாம் ஒரே வாத்து.

அந்தக் கறுப்புத் தொலைபேசியில்தான் அவர்கள் உயிர் இருந்தது. சும்மா சொல்லவில்லை. அந்த ஆழத்தில் ஒரு நாள் தங்கியவன் நேராக நீந்தி மேலே போக முடியாது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் பொங்கிவிடும். மேலேயிருந்து ஓர் இரும்புக் கூடு வர வேண்டும். அதற்குள் அடியிலிருந்து ஏறி, கதவை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். கப்பல் தளத்துக்குத் தூக்கியபின் மூன்று நாள் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஹீலியத்தை எடுத்துவிட்டு நல்ல காற்றை விட்டு, அப்புறம்தான் கதவு. அவசரப்பட்டுத் திறந்தால் கதவே பீரங்கிக் குண்டாகிவிடும். இருந்ததோ ஒரே ஒரு கூடு. அது வர வேண்டுமானால் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு இரும்புச் சமாசாரம் இருந்தது. தலைகீழாகத் தொங்கவிட்ட பெரிய பாத்திரம், உள்ளே காற்று. வெளியே வேலை செய்கிறவன் களைத்தால் அடியிலிருந்து தலையை நுழைத்து இளைப்பாறலாம். எல்லோரும் அதை அண்டா என்றார்கள். அண்டாவுக்குள்ளும் ஒரு தொலைபேசி. கூட்டுக்குள்ளும் ஒன்று. மூன்றுக்கும் ஒரே கம்பி.

முதல் நாள் மதியம், இறுக மூடிய பாத்திரத்தில் துவரை போட்ட சோறும் பன்றிக் கறியும் மேலேயிருந்து வந்தன. ஹீலியத்தில் எதற்கும் ருசி தெரியாது. ருசி இல்லாத குறையை டாக்டர் பேச்சால் தீர்த்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த அன்செல்மோ கதை தெரியுமா உனக்கு?"

"செத்துட்டான். அது தெரியும்."

"காணாமப் போயிட்டான். செத்தான்னு யாரு சொன்னா? உடம்பு கெடச்சுதா?" சோற்றை வாயில் அடக்கிக்கொண்டே சிரித்தார். "இதே வீட்டுல ஆறாவது நாள். போன் பண்ணி வாத்து மாதிரி கத்துறான். சுண்ணாம்புத் தூள் நனைஞ்சு போச்சாம், தல வலிக்குதாம், கூட்டை அனுப்பணுமாம். மேல என்கூட மூணு செனட்டருங்க, பொண்டாட்டிங்களோட விருந்துக்கு வந்திருக்காங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? போனை ஒவ்வொருத்தர் காதுலயா வச்சுக் கேக்க வச்சேன். அதுல ஒரு அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

நெரெய்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாளைக்குப் பாக்கலாம்னு வச்சுட்டேன். அவன் நல்ல காத்து தேடி அண்டாவுக்குப் போனானாம். போனவன் போனவன்தான். கூட இருந்தவனை மறுநாள் தூக்கினோம், அவன் நியூயார்க்குக்கே ஓடிட்டான். மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்மா. ஒரு நாள் தலவலியைத் தாங்க மாட்டானா?"

இத்தனையையும் அவர் வாத்துக் குரலில் சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கொலையை இவ்வளவு சந்தோஷமாக ஒரு வாத்து சொல்லி நெரெய்டா கேட்டதில்லை. அன்செல்மோவை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவள் கண்ணுக்கு எதிரில் இருந்த ஆள்மீது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தட்டை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

அப்போது தொலைபேசி 'டிங்' என்றது.

மணி அடிக்கவில்லை. அதே கம்பியில் இருக்கும் இன்னொரு தொலைபேசியை யாராவது எடுத்தால் இதில் வருமே, அந்த ஒற்றை டிங்.

"செஃபெரினோவா இருக்கும்," என்றார் டாக்டர்.

செஃபெரினோ எடுத்தால் அப்படிச் சத்தம் வராது. அண்டாவில் இருப்பதை எடுத்தால்தான் வரும். நெரெய்டா வட்ட ஓட்டையைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கறுப்பாக இருந்தது.

மறுநாள் சுண்ணாம்புத் தூள் நனைந்துவிட்டது.

மூச்சில் வெளியே போகும் கெட்ட காற்றைப் பிடித்துவைப்பது அந்தத் தூள்தான். பெட்டியின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே தூள் சேறாகிக் கிடந்தது. சேற்றில் கடல் வாடை. மேலேயிருந்து வேறு தூள் அனுப்பச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூட்டை வரவழைக்க வேண்டும் என்றாள் நெரெய்டா.

"ஞாயித்துக்கிழமை பத்திரிகைக்காரங்க வர்றாங்க," என்றார் டாக்டர். "ரெண்டே நாள்ல புலம்ப ஆரம்பிச்சா என்ன நெனைப்பாங்க? பொம்பளைய ஏன் கூட்டிட்டுப் போனேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

அன்றெல்லாம் அவர் வீரராக இருந்தார். அடுத்த நாள் விடியும்போது அவருக்கும் தலை பிளந்தது. அதோடு வீரம் முடிந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார்.

"செஃபெரினோ! கூட்டை அனுப்பு. உடனே!"

மறுமுனையில் செஃபெரினோ கொட்டாவி விட்டான். "என்ன டாக்டர், விளையாடுறீங்களா? இப்பத்தானே சொன்னீங்க, ஒண்ணும் வேணாம், நல்லாருக்கோம்னு."

"நான் எப்படா சொன்னேன்?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி. நேத்தும் சொன்னீங்க. தூளும் வேணாம்னீங்க."

டாக்டர் நெரெய்டாவை முறைத்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். ராத்திரி முழுக்க அந்தத் தொலைபேசியை இரண்டு பேரும் தொடவில்லை. அவரிடமிருந்து வாங்கி அவள் காதில் வைத்தாள்.

"அண்ணே, நெரெய்டா பேசறேன். தூள் போச்சு. நெசமாவே கஷ்டமா இருக்கு. கூட்டை இறக்கு."

கம்பியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு வாத்துக் குரல், நிதானமாக, மரியாதையாக:

"அவ சொல்றதக் கேக்காதீங்க. ஆழத்துல பொம்பளைக்கு நரம்பு தளர்ந்துரும். நாங்க சொகமா இருக்கோம். பத்து நாளும் தங்குறோம்."

நெரெய்டா டாக்டரைப் பார்த்தாள். அவர் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது.

"அண்ணே," என்று கிசுகிசுத்தாள். "அது டாக்டர் இல்ல. டாக்டர் என் முன்னாடி உக்காந்திருக்காரு. நாங்க ரெண்டே பேருதான்."

"அடச்சே, ஆளாளுக்கு வாத்து மாதிரி கத்துனா நான் யாரைன்னு நம்புறது?" செஃபெரினோவுக்கு எரிச்சல். "சரி. நீ நெரெய்டாதான்னா இதச் சொல்லு. எம் பொண்ணு ஞானஸ்நானத்துக்கு என்ன கறி போட்டோம்?"

"ஆட்டு..."

"ஆட்டுக்கறி," என்றது அந்தக் குரல், அவளை முந்திக்கொண்டு. "அடி புடிச்சுருச்சு. உம் பொண்டாட்டி மூலைல உக்காந்து அழுதா. நான்தான் பப்பாளிக்காய வெட்டிப் போட்டு ஒப்பேத்தினேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

கம்பியில் மறுபடி தண்ணீர் சொட்டியது.

"பப்பாளிக்காய் போட்டது..." என்று செஃபெரினோ ஆரம்பித்தான். முடிக்கவில்லை. தொலைபேசி வைக்கப்பட்டது. அதன் பிறகு வீட்டிலிருந்து எத்தனை தடவை அடித்தாலும் அவன் எடுக்கவே இல்லை.

டாக்டர் அழவில்லை என்றால் அது பொய். அழுதார், வாத்து அழுகிற மாதிரி அழுதார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று அதிகாரம் திரும்பி வந்தது. அந்த மாதிரி ஆட்களுக்குப் பயம் வந்தால் உடனே யாரையாவது வேலை ஏவ வேண்டும்.

"அண்டாவுலதான் எவனோ இருக்கான். நீ போய் அந்தக் கம்பிய அறுத்துட்டு வா."

"வாங்களேன், ரெண்டு பேரும் போவோம்."

"நான் இந்தத் திட்டத்தோட தலைவரும்மா. எனக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?"

 வீட்டிலிருந்து நீளும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கத்தியை இடுப்பில் செருகி, வட்ட ஓட்டைக்குள் இறங்கினாள். காலை நேரம். மேலேயிருந்து நீல வெளிச்சம் சன்னமாக இறங்கிக்கொண்டிருந்தது. மணலில் இறால்கள் மீசையை ஆட்டாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லாம் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடியிலிருந்து தலையை நுழைத்தாள்.

இருட்டு.

மூன்று மாதமாகத் தேங்கிய காற்று நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. இரண்டு மூச்சு இழுத்ததும் தலைவலி விட்டது. ஈரப் புகையிலை வாடை. கையால் துழாவினாள். தொலைபேசி கொக்கியில் இல்லை, தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டபோது கதகதப்பாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ காதில் வைத்திருந்த மாதிரி.

கத்தியை எடுத்தாள்.

"அறுக்காத," என்றது குரல்.

தொலைபேசியிலிருந்து வரவில்லை. அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் இருட்டிலிருந்து வந்தது.

கத்தியை முன்னால் நீட்டிப் பிடித்தாள். பயம்தான், வேறென்ன. அப்படியே தண்ணீரில் நழுவி விழுந்துவிடலாம் போல இருந்தது.

"இங்கயே இரு, நெரெய்டா. இங்க காத்து நல்லாருக்கு. கூட்டை அனுப்பச் சொல்லிட்டேன்."

"யாருக்கு?" என்றாள். 

 அவள் அருகே தண்ணீர் மெல்லக் கலங்கியது, யாரோ அடியில் இறங்கிப் போன மாதிரி.

அண்டாவிலிருந்து தலையை வெளியே இழுத்துப் பார்த்தாள். மேலேயிருந்து ஒரு விளக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூடு. வீட்டுக்குப் பக்கத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு நின்றது. கலங்கலில் ஓர் ஆள் நீந்திப் போவது தெரிந்தது. அடியில் குனிந்தான், உள்ளே ஏறினான், கதவை மூடினான். கூடு ஆடியது. கம்பி இறுகியது. கூடு மேலே போய்விட்டது.

அவள் நீந்தி வந்து சேர்வதற்குள் வெளிச்சம்கூட மறைந்துவிட்டது.

இரண்டு பேர் உட்காரும் கூடு. ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிடம்கூட நில்லாமல் போன மகானை என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று அவள் தேடிக்கொண்டே வீட்டின் ஏணியைப் பிடித்தாள். கையில் துணி பட்டது.

வெள்ளைத் துணி.

டாக்டர் ஏணியில்தான் இருந்தார். கூடு வருகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து கோட்டைப் போட்டுக்கொண்டு குதித்திருக்கிறார். மேலே பத்திரிகைக்காரர்கள் நிற்பார்களே. கோட்டின் வால் ஏணிப்படியில் மாட்டியிருந்தது. பொத்தானைக் கழற்றியிருந்தால் தப்பித்திருப்பார். எல்லாப் பொத்தானும் ஒழுங்காகப் போட்டபடி, கண்ணைத் திறந்துகொண்டு தொங்கினார்.

நெரெய்டா அவரைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குள் ஏறித் தொலைபேசியை எடுத்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே செஃபெரினோ எடுத்தான்.

"தாயி, நீ ஏன் ஏறல? டாக்டர் மட்டும்தான் வந்திருக்காரு."

"யாரு சொன்னா டாக்டர்னு?"

"உள்ளேர்ந்து அவருதான் சொல்றாரு. கூட்டுக் கண்ணாடியில ஒரே ஆவி, மூஞ்சி தெரியல. நான்தான் டாக்டர், மெதுவா அழுத்தத்தைக் கொறைன்னு..."

"அண்ணே, டாக்டர் இங்க என் கால்கிட்ட செத்துத் தொங்குறாரு."

மறுமுனையில் நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. 

"கூட்டை யாரு கேட்டது?" என்றாள்.

"அவன்தான்." அவன் அழுதுகொண்டிருந்தான். "இந்த வாத்துப் பேச்செல்லாம் விட்டுட்டு, செஃபெரினோ, கூட்டை அனுப்புடான்னான். அன்னைக்கும் இதே வார்த்தைதான் கேட்டான். அன்னைக்கு அந்த ஆளு போனைப் புடுங்கிட்டான், அனுப்பல. இன்னைக்கு எப்படி தாயி மாட்டேன்னு சொல்லுவேன்?"

கூட்டைத் திறந்து காலி செய்தால்தான் திரும்பக் கீழே அனுப்ப முடியும். மூன்று நாள் அழுத்தம் குறைக்காமல் திறக்க முடியாது. ஆக, உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும், அது இறங்குகிற வரைக்கும் நெரெய்டா கடலுக்கடியில்தான் கிடக்க வேண்டும். செஃபெரினோ காய்ந்த சுண்ணாம்புத் தூளும் சோறும் அனுப்பிவைத்தான். மூச்சு விட ஒருத்திதான் என்பதால் காற்று தாராளமாக இருந்தது. டாக்டர் அந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம் மூச்சு விடாமல் இருந்தது.

அவர் உடம்பை மீன்கள் கொத்த ஆரம்பித்தன. பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டை விடுவித்து, இழுத்துக்கொண்டு போய் அண்டாவுக்குள் தலை நிற்கும்படி கயிற்றால் கட்டிவிட்டு வந்தாள். மரியாதை என்று ஒன்றும் இல்லை. தெருவில் செத்துக் கிடக்கும் நாயைக்கூட ஓரமாக இழுத்துப் போடுகிறோம். அங்கே வேறு யாரும் இல்லை. புகையிலை வாடையும் இல்லை.

செஃபெரினோ அடிக்கடி கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டுக்குள் ஹீலியம் குறையக் குறைய உள்ளே இருப்பதன் குரல் மாறிக்கொண்டு வந்தது. முதலில் வாத்து. மறுநாள், சளி பிடித்த பையன் குரல். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். கூட்டைத் தூக்கி இறக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிற இரண்டு பேரும் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபமாலை உருட்டினார்களாம். கண்ணாடி மட்டும் தெளியவே இல்லை, உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது என்றான்.

மூன்றாம் நாள் பகலில் மணி அடித்தது.

"தாயி." செஃபெரினோ மிக மெதுவாகப் பேசினான். "குரல் தெளிஞ்சிருச்சு."

"ம்."

"நம்ம அன்செல்மோ."

அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தெளிந்த குரல் என்று அவன் சொன்னபோது தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அழுத்தம் முழுக்க எறங்கிருச்சு. கதவத் தொறங்கறான். வின்ச்காரனுங்க ரெண்டு பேரும் படகை எடுத்துட்டுக் கரைக்கு ஓடிட்டானுங்க. நான் ஒருத்தன்தான் இருக்கேன். தொறக்கலேன்னா உனக்குக் கூடு இல்ல. தொறந்தா என்ன வரும்னு எனக்குத் தெரியல."

"அவன் வேற என்ன சொல்றான்?"

"நேரமாகுதாம். நீ கீழ தனியா இருக்கியாம்."

நெரெய்டா வட்ட ஓட்டையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் இருந்த திட்டத்தில் அவள் தனியாக இருக்கிறாளே என்று கவலைப்பட்டது யார் என்று யோசித்தாள். செனட்டர்கள் இல்லை, பத்திரிகைக்காரர்கள் இல்லை, அண்டாவில் கோட்டோடு நிற்கிற ஆள் நிச்சயமாக இல்லை. 

"தொறந்து விடு அண்ணே," என்றாள். "மூணு மாசம் முன்னாடியே தொறந்திருக்க வேண்டிய கதவு. உசுரோட இருந்த டாக்டருக்கு செத்துப்போன அன்செல்மோ எவ்வளவோ மேல்."

செஃபெரினோ தொலைபேசியை வைக்காமல் மேசையில் போட்டுவிட்டுப் போனான். அவள் காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். சக்கரம் திருகுகிற சத்தம். இரும்புக் கீல். தண்ணீர் தளத்தில் கொட்டுகிற சத்தம், நிறைய தண்ணீர், ஒரு கூட்டில் அடங்காத தண்ணீர்.

அப்புறம் ஈரக் கால்கள் நடக்கும் சத்தம்.

தொலைபேசியை நோக்கி.

யாரோ அதை எடுத்தார்கள்.

"நெரெய்டா," என்றது ஒரு மனிதக் குரல், அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். "எறக்குறேன். நிதானமா ஏறு. ஏறி உக்காந்தப்புறம் குழாய விடு."

வின்ச் ஓடத் தொடங்கியது.

கூடு வந்து நின்றபோது அவள் தயங்கவில்லை என்று சொல்ல முடியாது. அதன் அடிக் கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் மணலும், மென்று போட்ட சுருட்டுத் துண்டு ஒன்றும் கிடந்தன. ஏறினாள், கதவைத் திருகினாள். கம்பி இறுகியது. இழுப்பு அவ்வளவு பதமாக இருந்தது. தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற கை.

பாதி வழியில் கூட்டுக்குள் இருந்த தொலைபேசியை எடுத்தாள். நன்றி சொல்லத்தான் எடுத்தாள். கம்பியில் வேறொரு குரல் குறுக்கிட்டது. வாத்துக் குரல்.

"நான் யாருன்னு தெரியுமாடா உங்களுக்கு? நான் டாக்டர் லாந்த்ரோன்! பத்திரிகைக்காரங்களக் கூப்பிடுங்க! கூட்டை அனுப்புங்கடா! எத்தன நேரமா நிக்கிறது இந்த அண்டாவுல?"

அவள் வைத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கதவு திறந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. செஃபெரினோ தளத்தின் மறுகோடியில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, ஒரே வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துவந்து கட்டிக்கொண்டு அழுதான். அழுகை ஓய்ந்ததும் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"இவ்வளவு பதமா தூக்கினியே அண்ணே. நல்லாருப்ப."

"நான் தூக்கல," என்றான். "கதவத் தொறந்ததும் நான் இங்கதான் வந்து உக்காந்தேன். அந்தப் பக்கம் போகவே இல்ல."

வின்ச்சின் இருக்கை தோல் இருக்கை. மூன்று நாள் ஆகஸ்ட் வெயில் காய்ந்தும் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழே தளத்தில் உப்புப் பூத்த வளையம் ஒன்று, நடுவில் ஈரம்.

செஃபெரினோவின் அறையில் தொலைபேசி அடித்தது. செஃபெரினோ ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான். ஓயாம அடிக்குது," என்று கிசுகிசுத்தான். "கீழதான் யாருமே இல்லையே. எடுக்கட்டுமா?"

நெரெய்டா ஒரு மடக்குக் காப்பி குடித்தாள். ருசி தெரிந்தது.

"அடிக்கட்டும்."

வின்ச் இருக்கையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வாத்துச் சிரிப்பு இல்லை, நல்ல மனிதச் சிரிப்பு.